நூறு என்று போட்டிருந்த பாட்டில்

செம்பூர்
6 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு ஞானசீலன் எழுதுவது. மரியே வாழ்க.

இது நான்காவது கடிதம். முந்தின மூன்றுக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. போன் செய்தால் இரண்டாவது மணியிலேயே துண்டித்துவிடுகிறாய். நேரில் வரவும் எனக்குத் தைரியம் இல்லை. போன ஆகஸ்டில் உன் வாசலில், பக்கத்து வீட்டு பீவி பார்த்துக்கொண்டிருக்க, "ஏல, இனி ஒருக்கா இந்த நடையில வந்து நின்னேன்னா, மாதா மேல ஆணை, அன்னையிலேர்ந்து ஊசியை நிறுத்திருவேன்" என்றாய். நீ சொன்னால் செய்கிறவள். செம்பூரிலிருந்து தாராவிக்கு ரயிலில் அரை மணி நேரம். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்து நான் தபால் பெட்டியைத் தேடி அலைகிறேன்.

எழுதினால் மட்டும் நீ படித்துவிடுவாய் என்று தெரியும். வடை கட்டி வந்த காகிதத்தைக்கூட எண்ணெயைத் துடைத்துவிட்டுப் படிக்கிறவள் நீ.

விஷயம் இதுதான். எனக்கும் முற்றிவிட்டது. மாத்திரை இனி கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று மாதச் சராசரி பதினொன்று. காலையும் மாலையும் இன்சுலின் போட வேண்டுமாம். சீட்டை வாங்கி வந்து பதினோரு நாள் ஆகிறது. பீரோவில் வைத்திருக்கிறேன். பெற்ற மகள் ஜெனியிடமே இன்னும் மாத்திரை என்றுதான் சொல்லியிருக்கிறேன். அவள் காலை ஏழரைக்கு வாஷி ஆபீசுக்குக் கிளம்பிவிடுகிறாள். அவள் போனபிறகு வீட்டில் நானும் அந்தச் சீட்டும்தான்.

எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. அறுபத்துநான்கு வயதில் எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். ஊசி குத்தும் வலிக்கு இல்லை. தப்பாகப் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்றுதான். நீ ஏழு வருடமாகத் தனியாகப் போட்டுக்கொள்கிறாய். என் மேல் கோபம் இருக்கட்டும். எப்படிப் போடுவது என்று மட்டும் எழுது.

உன் தம்பி
ஞானசீலன்


தாராவி
13 பிப்ரவரி 2025

தம்பி ஞானசீலனுக்கு சேசம்மாள் எழுதுவது.

முதல் மூன்று கடிதத்தையும் படித்தேன். பதில் எழுதும்படியாக அவற்றில் ஒன்றும் இல்லை. மன்னித்துவிடு, மன்னித்துவிடு என்று நாலு பக்கம். இதில் உருப்படியாக ஒரு கேள்வி இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். சமாதானம் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

என் கல்யாணத்துக்குச் சேலை எடுத்தபோதுகூட இரண்டு நிறத்தைக் காட்டி எது வேண்டும் என்று என்னிடம் கேட்டீர்கள். என் காலில் இரண்டு விரலை எடுக்க ஒருவரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளங்காலில் டிச் பட்டன் ஏறியது எனக்குத் தெரியவில்லை, காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தேன், எல்லாம் சரி. ஒரு நாள் பொறுத்திருந்தால் கண்ணைத் திறந்திருப்பேன். நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாய். எடுத்த விரலை எங்கே வைத்தார்கள் என்று கேட்டேன். "தெரியலையே அக்கா" என்றாய். கடைசி நாளில் எல்லாரும் உடம்போடு எழும்பும்போது நான் நொண்டிக்கொண்டு எழும்பவா? சாமியாரிடமும் கேட்டேன். சிரித்தார்.

இனி ஊசி. எழுதி வைத்துக்கொள்.

சோப்புப் போட்டுக் கை கழுவு. பாட்டிலைக் குலுக்காதே, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டு. சிவப்பு மூடி ஊசி வாங்கு. எத்தனை சொல்லியிருக்கிறதோ அத்தனை கோடு வரைக்கும் முதலில் காற்றை இழுத்துப் பாட்டிலுக்குள் தள்ளு, பிறகு மருந்தை இழு. குமிழி இருந்தால் சுண்டிவிடு. தொப்புளுக்கு நாலு விரல் தள்ளி, சதையைப் பிடித்துத் தூக்கிக் குத்து. குத்திவிட்டுப் பத்து எண்ணு. ஒரே இடத்தில் தினமும் குத்தாதே, கட்டிவிடும். ஊசி போட்ட அரை மணிக்குள் சாப்பிடு. அவ்வளவுதான். இதற்குப் போய் ஆண்பிள்ளை அழுகிறாய்.

இன்னொன்று. இத்தனை வருஷமாக நீ எனக்கு வாங்கித் தந்த பாட்டிலில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? நாற்பது. மூக்குக் கண்ணாடி போட்டுப் படித்துப் பார். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. முப்பத்தோரு வருஷம் சட்டைக் காலரில் லேபிள் தைத்தேன். இங்கிலீஷும் நம்பரும் எனக்கு அந்த லேபிள்தான் சொல்லித் தந்தது. நூறு காட்டன் என்றால் அசல் சரக்கு. நாற்பது காட்டன் என்றால் மீதி அறுபதும் பாலியெஸ்டர். அறுபது பங்கு தண்ணீர் கலந்ததை எனக்குக் குத்திக் குத்தித்தான் விரல் போயிருக்கிறது.

என் வீட்டுக்காரரின் அண்ணன் மகன் பிரைட்டன் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தான். நான் கேட்காமலே மூன்று பாட்டில் இன்சுலின் ஐஸில் வைத்துக் கொண்டுவந்தான். அதே மருந்து, அதே பெயர். லேபிளில் நூறு என்று போட்டிருக்கிறது. திங்கட்கிழமையிலிருந்து அதைத்தான் போடுகிறேன். காலையில் பதினாறு, மாலையில் பத்து, பழைய கணக்குத்தான். கூடவே ஆரஞ்சு மூடி ஊசி ஒரு பாக்கெட்டும் தந்தான். அதில் கோடுகள் எறும்பு ஊர்ந்ததுபோல நெருக்கமாக இருக்கின்றன, என் கண்ணுக்குப் பிடிபடவில்லை. என்னிடம் சிவப்பு மூடியே அரைப் பெட்டி கிடக்கிறது. அதைத் தூர எறிய நான் என்ன செம்பூர்க்காரியா?

நல்ல மருந்து. நாலே நாளில் பசி திரும்பிவிட்டது.

சேசம்மாள்


செம்பூர்
19 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. திட்டியிருந்த இடங்களையும் சேர்த்துத்தான்.

கையெழுத்துப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லிக்கொள்கிறேன், பிறகு நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள். அன்று அந்த டாக்டர் பெண் என்னிடம், "அங்கிள், விரல் வேணுமா, முழங்காலுக்குக் கீழே முழுசா வேணுமா, இல்ல ஆளே வேணுமா? ஒரு மணி நேரத்துல சொல்லுங்க" என்றாள். நான் விரலைக் கொடுத்துவிட்டு மீதியை வாங்கிக்கொண்டேன். எங்கே வைத்தார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. அது என் தப்புத்தான்.

ஊசி இன்னும் வாங்கவில்லை. நீ எழுதியதைப் பார்த்து வெறும் பேனாவை வயிற்றில் வைத்துப் பழகிப் பார்த்தேன். சிரிக்காதே.

எனக்கு வேறொரு கவலை. உன் கடிதத்தில் முதல் பக்கம் அச்சடித்தமாதிரி இருக்கிறது. ஊசி போடும் விதம் எழுதின இடத்திலிருந்து வரி கீழ்நோக்கிச் சரிகிறது. கடைசிப் பக்கத்தில் ஓர் இடத்தில் பேனா காகிதத்தைக் கிழித்திருக்கிறது. இரண்டு தடவையாக எழுதினாயா? நடுவில் என்ன ஆயிற்று? பசி திரும்பிவிட்டது என்கிறாய். நல்ல பசியா, கை நடுங்குகிற பசியா?

மெஷினில் சர்க்கரை பார்த்தாயா? இல்லையென்றால் பார்த்து எண்ணை எழுது. திருநீற்றுப் புதன் வருகிறது. உனக்கு எழுபத்திரண்டு வயது. அறுபதைத் தொட்டவர்களுக்கு ஒருசந்தி கடமை இல்லை என்று கோயிலே சொல்கிறது. நீ பட்டினி கிடக்காதே, தயவுசெய்து.

ஞானசீலன்


தாராவி
27 பிப்ரவரி 2025

தம்பிக்கு,

மெஷின் நீ வாங்கித் தந்தது. உன் வீட்டுச் சாமான்களையெல்லாம் ஆகஸ்டில் மூட்டை கட்டித் திருப்பி அனுப்பினேனே, அதற்குள் இருக்கிறது. தேடிப் பார்த்து நீயே குத்திப் பார்த்துக்கொள்.

ஒருசந்தியைப் பற்றி நீ எனக்குச் சொல்லாதே. எட்டு வயதிலிருந்து விட்டதில்லை. ஊசி ஆரம்பித்த பிறகும் ஏழு தவக்காலம் பார்த்துவிட்டேன். காலையில் ஊசி, வெறும் கடுங்காப்பி, மத்தியானம் ஒரு வேளைச் சோறு. ஒன்றும் ஆனதில்லை. இந்த வருஷம் பீவிக்கும் ரமலான் அதே வாரத்தில் பிறக்கிறது. "நீயும் பட்டினி, நானும் பட்டினி, ரெண்டு வீட்லயும் அடுப்பு மிச்சம்க்கா" என்று சிரிக்கிறாள்.

இனி எழுதுவதை நீ ஜெனியிடம்கூடச் சொல்லக்கூடாது. சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும்.

போன வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு நைன்ட்டி ஃபீட் ரோட்டில் காய் வாங்கப் போனேன். முருங்கைக்காய் எடுத்துக்கொண்டிருந்தேன். அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு பார்த்தால் ஒரு செல்போன் கடைப் படியில் உட்கார்ந்திருக்கிறேன். ரவிக்கை நனைந்து ஒட்டிக் கிடக்கிறது. ஒரு பெண் இந்தியில் "மௌசி, எந்த கல்லி?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாள். நாற்பத்தாறு வருஷமாக நான் குடியிருக்கிற சந்து. அதன் பெயர் என் வாயில் வரவில்லை. அவள் அரை கிளாஸ் கட்டிங் சாயாவை என் கையில் திணித்தாள். குடித்துக்கொண்டிருக்கும்போதே பெயர் வந்தது. என் பெயரும் அதற்குப் பிறகுதான் வந்தது.

இது மூன்றாவது தடவை. முதல் தடவை உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தபோது.

அம்மாவை நினைத்துப் பார். கடைசி வருஷம் நம் இரண்டு பேரையும் பார்த்து, "நீங்க யாரு வீட்டுப் பிள்ளைய?" என்று கேட்டாளே. சோற்றை ஊட்டிவிட்ட என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல பிள்ளை, உங்கம்மா தேடப்போறா, வீட்டுக்குப் போ" என்றாளே. எனக்கும் அதுதான் ஆரம்பித்திருக்கிறது. சாவுக்கு நான் பயப்படவில்லை, என்னைத் தெரியாமல் போவதற்குத்தான் பயப்படுகிறேன். இந்த அறையில் தனியாக இருந்துகொண்டு, இது யார் அறை என்று நானே கேட்டால் யார் பதில் சொல்வார்கள்?

யோசித்துப் பார்த்தேன். காலில் பட்டன் ஏறிய சமயத்திலும் இப்படித்தான் மண்டைக்குள் புகை மூட்டமாக இருந்தது. அப்போது சர்க்கரை ஏறிக் கிடந்தது. ஒருவேளை இப்போதும் ஏறியிருக்கலாம். அதனால் நேற்றிலிருந்து காலை ஊசியைப் பதினாறிலிருந்து இருபது ஆக்கியிருக்கிறேன். டாக்டரைக் கேட்டால் மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி கத்தி.

பீவியின் தங்கச்சி செம்பூரில் இருக்கிறாள். பீவி அங்கே வரும்போது இந்தக் கடிதத்தோடு ஒரு பாட்டிலையும் ஐஸ் போட்ட பிளாஸ்கில் உன் வீட்டில் கொடுப்பாள். நூறு. நீயாவது தண்ணீர் கலந்ததைக் குத்திக்கொண்டு விரலை இழக்காமல் இரு. சிவப்பு மூடி ஊசி மட்டும் வாங்கிக்கொள். உனக்குக் கோபம் இல்லாமல் அனுப்புகிறேன் என்று நினைக்காதே. கோபத்தோடுதான் அனுப்புகிறேன்.

சேசம்மாள்


தாராவி, உன் வாசல்
5 மார்ச் 2025, காலை 11.10

அக்கா, மெடிக்கல் பில்லின் முதுகில் எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். கூப்பிட்டால் ஜெபத்தைச் சத்தமாகச் சொல்கிறாய். தயவுசெய்து இதைப் படி. நூறு என்று போட்ட பாட்டில் உன் சிவப்பு மூடி ஊசிக்கு ஒத்ததில்லை. நாற்பது கலப்படம் இல்லை. நூறு என்றால் அதே அளவுத் தண்ணீரில் இரண்டரை மடங்கு மருந்து. சிவப்பு மூடி ஊசி நாற்பதுக்கு மட்டும்தான். நீ பதினாறு கோடு இழுத்தால் நாற்பது ஏறுகிறது. உனக்கு அம்மாவின் வியாதி இல்லை. சர்க்கரை இறங்கித்தான் மயங்குகிறாய். இனி அதைத் தொடாதே. கதவைத் திற, இல்லையென்றால் பதிலையாவது எழுதித் தள்ளு.


போ. பீவி முன்னால் சொன்னது சொன்னதுதான். நீ என் நடையில் நிற்கிறாய். நாளையிலிருந்து எனக்கு ஊசி கிடையாது.


நிறுத்து அக்கா. அதைத்தான் கேட்கிறேன். இன்று காலை போட்டாயா? எத்தனை கோடு? என்ன சாப்பிட்டாய்?


இருபது. எட்டு மணிக்கு. சாம்பல் பூசிவிட்டு வந்து போட்டேன். ஒருசந்தி. சாப்பிடவில்லை. நீ யார் கேட்க


இருபது இல்லை. ஐம்பது போட்டிருக்கிறாய். வெறும் வயிற்றில் ஐம்பது. எழுந்து சர்க்கரை டப்பாவை எடு. நாலைந்து ஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் குடி. ஒருசந்தி முறிந்த பாவம் என் தலையில். தாழ்ப்பாளை எடு. பீவி வீடு பூட்டியிருக்கிறது, ஆள் அனுப்பியிருக்கிறேன். குடித்துவிட்டாயா என்று எழுது. திட்டியாவது எழுது.


காலர் 40 காலர் 42 நூறு காட்டன் நூறு காட்டன்
நூறு
நீங்க யாரு வீட்டுப் பிள்ளைய


செம்பூர்
9 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று வார்டில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். அடையாளம் தெரிந்து திரும்பிக்கொண்டாய் என்று வெளியே போய் நின்று அழுதேன். நீ பேசமாட்டாய். பீவி கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். செவ்வாய்க்கிழமை பீவி ஜெனியிடம் பிளாஸ்கைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் சாயங்காலம் கடிதத்தைப் படித்தேன். என்னைத் தெரியாமல் போவதற்குப் பயம் என்று எழுதியிருந்தாயே, அதிலேயே நின்றுவிட்டேன். கோடு, நூறு, இருபது எதுவும் மூளையில் ஏறவில்லை. படித்த கையோடு ஓடி வந்திருக்க வேண்டும். உன் ஆணைக்குப் பயந்து உட்கார்ந்திருந்தேன்.

புதன்கிழமை காலை, நீ அனுப்பின பாட்டிலைப் போட்டுக்கொள்வது என்று முடிவு செய்தேன். அக்கா அனுப்பியது, பயப்பட என்ன இருக்கிறது என்று தோன்றியது. ஊசி வாங்க மெடிக்கலுக்குப் போனேன். சிவப்பு மூடி என்று கேட்டேன். அந்தப் பையன் எதற்கும் பாட்டிலைக் காட்டுங்கள் என்றான். காட்டினேன். லேபிளைப் பார்த்துவிட்டு, "அரே காகா, இதுக்கு ஆரஞ்சு. சிவப்புல போட்டா மர் ஜாவோகே, செத்துருவீங்க" என்றான். எத்தனை கோடு, எத்தனை மடங்கு என்று பில்லிலேயே கணக்குப் போட்டுக் காட்டினான். உன் இரண்டு கடிதமும், முருங்கைக்காயும், கிழிந்த காகிதமும் ஒரே நொடியில் என் கண்முன் வந்து நின்றன. உனக்குப் போன் போட்டேன், துண்டித்தாய். ஒன்பது தடவை துண்டித்தாய். குர்லாவில் மாறி சயானில் இறங்கி ஓடினேன். இந்த வயதில் நான் ஓடியதை நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய்.

உன் கடைசிச் சீட்டு வெளியே வந்ததும் கதவை உடைத்தேன். ஒரு தள்ளலில் போய்விட்டது, பழைய தாழ்ப்பாள். நீ தையல் மெஷினுக்கும் கட்டிலுக்கும் நடுவில் கிடந்தாய். வாய் கோணியிருந்தது. அதற்குள் பீவி ஓடி வந்து, நோன்பு திறக்கக் கரைத்து வைத்திருந்த ரோஸ் சர்பத்தை விரலில் தொட்டுத் தொட்டு உன் ஈறில் தடவினாள். "அல்லாவே, அக்காவே, நக்குங்க, நக்குங்க" என்று அவள் அழுதது என் காதைவிட்டுப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை இருபத்தெட்டு. கொஞ்ச நேரம் தாமதித்திருந்தால் அவ்வளவுதான் என்றார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். மறைத்தால் பிறகு நீ கண்டுபிடிப்பாய். அங்கேயும் ஒரு காகிதம் நீட்டினார்கள். என்ன செய்தாலும் சம்மதம் என்று கையெழுத்துக் கேட்டார்கள். நீ நினைவில்லாமல் கிடந்தாய். பேனாவை வாங்கினேன். உன்னைக் கேட்காமல் இனி ஒன்றிலும் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று செம்பூர்க் கோயிலில் முட்டி போட்டுச் சொல்லியிருந்தேன். இருந்தும் வைத்துவிட்டேன்.

இதற்கும் சேர்த்து என்னோடு பேசாமல் இரு. உயிரோடு இருந்து பேசாமல் இரு.

ஞானசீலன்


தாராவி
22 மார்ச் 2025

அன்புள்ள தம்பிக்கு சேசம்மாள் எழுதுவது. மரியே வாழ்க.

வீட்டுக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. நீ உடைத்த கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன். தாழ்ப்பாளுக்கு ஆள் கூட்டிக்கொண்டு வரவேண்டியது நீதான், நான் இல்லை.

டாக்டர் பழைய நாற்பதையே போடச் சொல்லியிருக்கிறார். காலையில் பன்னிரண்டு, மாலையில் எட்டு. பட்டினி கிடந்தால் போலீசில் பிடித்துக் கொடுப்பேன் என்றாள் நர்ஸ். பழைய லேபிள் கட்டிலிருந்து நாற்பது என்று நெய்தது ஒன்றை எடுத்து ஒரு துணிப்பையின் வாயில் தைத்தேன். அந்தப் பையில்தான் பாட்டிலும் சிவப்பு மூடியும் பீவி வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கின்றன. நூறு என்று போட்டிருந்த பாட்டில்களை அவள் ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டாள். பிரைட்டன் போனில் அழுதான். "நீ சரியான ஊசியத்தான்ல தந்த, எனக்குத்தான் கண்ணு தெரியல" என்றேன். கண் தெரியாதது இல்லை. கண் நன்றாகத் தெரிந்தது. லேபிளைப் படிக்க எனக்குத் தெரியும் என்று முப்பத்தோரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடிதத்தில் நீ போகிற போக்கில் எழுதின ஒரு வரியை விட்டு என்னால் நகர முடியவில்லை. அக்கா அனுப்பியது, பயப்பட என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். சிவப்பு மூடி வாங்கு என்று இரண்டு கடிதத்திலும் எழுதியது நான். நீ என் இரண்டு விரலைக் கொடுத்தாய் என்று ஏழு மாதம் உன் முகத்தைப் பார்க்கவில்லை. நான் உன்னைக் கேட்காமல் உன்னையே கொடுக்கப் பார்த்தேன். இது கணக்குத் தீர்ந்தது என்று அர்த்தம் இல்லை. விரல் விரல்தான். அதை நான் மறக்கவில்லை.

ஆனால் எனக்கு இப்போது ஒரு பயம் வந்திருக்கிறது. ஏழு வருஷத்தில் இல்லாத பயம். காலையில் பன்னிரண்டு கோடு இழுத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இது பன்னிரண்டுதானா என்று பாட்டிலைப் பார்க்கிறேன், மூடியைப் பார்க்கிறேன், பையின் லேபிளைப் பார்க்கிறேன். மறுபடி ஊசியைப் பார்க்கிறேன். பீவியைக் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டுதான் குத்துகிறேன். அவளுக்கு நம்பர் தெரியாது. ஆனாலும் தலையை ஆட்டுகிறாள். நேற்று அவளும் இல்லை. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் நீ பேனாவை வயிற்றில் வைத்துப் பழகினது ஞாபகம் வந்தது. சிரிக்கவில்லை.

நீ இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஜெனி வந்து பார்த்தபோது கேட்டேன். பிள்ளைக்கு நீ இன்சுலின் போட வேண்டும் என்பதே தெரியவில்லை. நான் சொல்லிவிட்டேன். என்னைக் கோபித்துக்கொள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குள் வந்துவிடு. டாக்டர் சீட்டை எடுத்து வா. நாற்பது என்று போட்ட பாட்டிலும் சிவப்பு மூடியும் வாங்கிக்கொண்டு வா, அந்த மெடிக்கல் பையனிடம் இரண்டையும் காட்டிக் கேட்டு வாங்கு. வெறும் வயிற்றோடு வராதே, போகாதே. இட்லி அவித்து வைக்கிறேன். நான் இழுத்ததை நீ பார், நீ இழுத்ததை நான் பார்க்கிறேன். சரி என்று இரண்டு பேரும் சொன்ன பிறகு குத்துவோம். ஆகஸ்டில் சொன்ன ஆணையை மாதாவிடம் சொல்லித் திருப்பி வாங்கிவிட்டேன். அவளுக்குச் சம்மதம்தான்.

இதோடு ஒரு தனித்தாள் வைத்திருக்கிறேன். பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொள். என் கையெழுத்தும் பீவியின் கைநாட்டும் இருக்கின்றன.

சேசம்மாள்


நான், தாராவி சேசம்மாள், நல்ல நினைவோடு எழுதிக் கொடுப்பது: எனக்கு நினைவு தப்பிக் கிடந்தால், என்னைக் கேட்கவில்லையே என்று யாரும் காத்திருக்க வேண்டாம். என் தம்பி ஞானசீலன் கையெழுத்துப் போடலாம். எதை எடுக்கச் சொல்கிறார்களோ எடுக்கலாம். எடுத்ததை மட்டும் அவன் கையில் கொடுத்துவிட வேண்டும்.